லெவன் பிளஸ் ஆங்கிலத் தாள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடியும்வரை தாழ்வாரத்தில் காத்திருக்கும் பெற்றோரிடமிருந்து ஐந்தாறு ஆண்டுகளாக என் காதில் விழுந்துகொண்டிருக்கும் கேள்விகள் இவை. என் பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தின் கிராமர் பள்ளி நுழைவுத் தேர்வை எழுதினார்கள். மூத்தவளுக்கு இடம் கிடைத்தது, இளையவனுக்குக் கிடைக்கவில்லை. கணக்கு என்றால் பிள்ளையோடு துணிந்து உட்காரும் நம்மவர்கள் ஆங்கிலத் தாள் என்றதும் ஒதுங்கிக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து, அந்த ஒரு தாளை மட்டும் எடுத்து எழுதுகிறேன். கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை அப்படியே வைத்திருக்கிறேன்.

1. லெவன் பிளஸ் என்றால் என்ன? எல்லாப் பிள்ளைகளும் எழுதித்தான் ஆக வேண்டுமா?

இல்லை. அரசுச் செலவில் நடக்கும் பள்ளிகளுள் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் கிராமர் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வுதான் இது. 1944-ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குப் பின் நாடெங்கும் பரவியிருந்த இந்த முறையைப் பெரும்பாலான பகுதிகள் பிற்பாடு கைவிட்டுவிட்டன. இன்று இங்கிலாந்தில் எஞ்சியிருப்பவை 163 கிராமர் பள்ளிகள்; புதிதாக ஒன்றைத் தொடங்க 1998-ஆம் ஆண்டின் சட்டம் இடம் தருவதில்லை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய பள்ளிகள் இல்லை. வட அயர்லாந்தின் தேர்வு வேறு. அது இங்கே பேசப்படவில்லை.

கென்ட், பக்கிங்ஹாம்ஷயர், லிங்கன்ஷயர் போன்ற மாவட்டங்களில் இத்தேர்வு ஊரறிந்த வழக்கம். லண்டனிலோ சட்டன், கிங்ஸ்டன், பார்னெட், பெக்ஸ்லி, ரெட்பிரிட்ஜ் போன்ற வெளிவட்டப் பகுதிகளில்தான் கிராமர் பள்ளிகள் உள்ளன. தமிழர்கள் செறிந்து வாழும் ஹாரோவில் ஒன்றுகூட இல்லை; அங்குள்ள குடும்பங்கள் பக்கத்துப் பகுதிகளின் பள்ளிகளை நோக்கியே ஆயத்தமாகின்றன. ஆகவே, எழுத வேண்டுமா என்று யோசிப்பதற்கு முன், நாள்தோறும் பிள்ளை போய்வரக்கூடிய தொலைவில் பள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.

2. எப்போது பதிவு செய்ய வேண்டும், எப்போது தேர்வு?

பொதுவாக, பிள்ளை இயர் 5 (ஒன்பது, பத்து வயது வகுப்பு) படிக்கும்போது, மே முதல் ஜூலை வரையிலான காலத்தில் பதிவு நடக்கும். சரியான நாள் பகுதிக்குப் பகுதி மாறும். இயர் 6 தொடங்கியதும் செப்டம்பரில் தேர்வு, அக்டோபரில் முடிவு. பள்ளிகளை விருப்ப வரிசையில் எழுதி உங்கள் கவுன்சிலுக்கு (உள்ளாட்சி அமைப்புக்கு) அனுப்பக் கடைசி நாள் அக்டோபர் 31. எந்தப் பள்ளியில் இடம் என்பது அடுத்த மார்ச் 1-ஆம் நாள் தெரியவரும்.

தேர்வுக்குப் பதிவு செய்வதும் பள்ளிக்கு விண்ணப்பிப்பதும் இரண்டு தனி வேலைகள் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. நல்ல மதிப்பெண் வந்த மகிழ்ச்சியில், கவுன்சில் படிவத்தில் அந்தப் பள்ளியின் பெயரை எழுதாமலே விட்டுவிட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

3. எல்லா இடத்திலும் ஒரே ஆங்கிலத் தாள்தானே? கடையில் கிடைக்கும் புத்தகத்தை வாங்கித் தொடங்கிவிடலாமா?

வேண்டாம். லெவன் பிளஸ் என்பது ஒரே தேர்வின் பெயரன்று. கென்ட்டில் ஆங்கிலமும் கணக்கும் ஒரே தாளின் இரு பிரிவுகளாக, கொடுத்த விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் முறையில் வருகின்றன. அதனுடன் 40 நிமிட எழுத்துப் பயிற்சி ஒன்றும் அண்மைக்காலம்வரை இருந்தது. அதற்கு மதிப்பெண் போடவில்லை என்றாலும், தேர்ச்சி எல்லையை ஒட்டி நின்றுவிட்ட பிள்ளைகளைப் பற்றித் தலைமை ஆசிரியர்கள் குழு முடிவெடுக்கும்போது அதை எடுத்துப் பார்க்க முடிந்தது. பக்கிங்ஹாம்ஷயரில் ஆங்கிலம் தனித் தாளாக இல்லாமல் சொல்திறன் தாளுக்குள் அடங்கிவிடுகிறது. அந்தத் தாளுக்கு மொத்தத்தில் பாதி எடை. எசெக்ஸில் சி.எஸ்.எஸ்.இ. என்ற பள்ளிக் கூட்டமைப்பு நடத்தும் தாளிலோ பிள்ளை விடைகளைத் தன் சொற்களில் எழுத வேண்டும். தொடர்ச்சியாகச் சில வரிகள் எழுதும் பகுதியும் அதில் உண்டு. சில பள்ளிகள் முதற்கட்டத் தேர்வில் தேறியவர்களை மட்டும் இரண்டாம் கட்டத்துக்கு அழைத்துக் கட்டுரை எழுத வைக்கின்றன.

கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகள் பலவும் பயன்படுத்தும் ஐ.எஸ்.இ.பி. காமன் ப்ரீ-டெஸ்ட் முற்றிலும் வேறு வகை. கணினியில் நடக்கும் அந்தத் தேர்வில், பிள்ளை சரியாகச் சொல்லச் சொல்லக் கேள்விகள் கடினமாகும். விட்டுவிட்டுப் போய்ப் பிறகு திரும்பி வரவும் முடியாது. ஆகவே, பார்க்கும் ஒவ்வொரு பள்ளியின் சேர்க்கைப் பக்கத்தையும் திறந்து, அதன் தேர்வைத் தயாரிப்பவர் யார், ஆங்கிலத்தில் எழுத்துப் பகுதி உண்டா, இரண்டாம் கட்டம் உண்டா என்ற மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்ட பிறகு புத்தகம் வாங்குங்கள்.

4. ஜி.எல். தாள் என்கிறார்களே, அதில் ஆங்கிலத்துக்கு என்னென்ன கேட்பார்கள்?

ஜி.எல். அசெஸ்மென்ட் என்ற நிறுவனம் தயாரிக்கும் தாளைத்தான் கிராமர் பள்ளிகளில் பெரும்பாலானவை இப்போது பயன்படுத்துகின்றன. முதலில் ஒரு நீண்ட பத்தியும் அதன்மீது கேள்விகளும் வரும். அடுத்து எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி, இலக்கணம் என்று மூன்று சிறு பகுதிகள். எழுத்துக்கூட்டலிலும் நிறுத்தக்குறியிலும் ஒவ்வொரு வரியும் ஏ, பி, சி, டி என்ற நான்கு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்தத் துண்டில் பிழை என்று குறிக்க வேண்டும். வரியில் பிழையே இல்லை என்றால் 'என்' (N) என்ற ஐந்தாவது கட்டத்தைக் குறிக்க வேண்டும். இலக்கணப் பகுதியில் வாக்கியத்தின் இடைவெளிக்குப் பொருந்தும் சொல்லைத் தெரிவு செய்ய வேண்டும்.

அந்த 'என்' கட்டம் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தும். பிழை கண்டுபிடிக்கவே உட்கார்ந்திருக்கிறோம் என்ற எண்ணத்தில், சரியாக இருக்கும் வரியிலும் ஏதாவது ஒன்றைப் பிடித்து இழுப்பார்கள். பயிற்சி செய்யும்போது 'என்' என்று குறித்த ஒவ்வொரு விடைக்கும் 'நான்கு துண்டுகளையும் பார்த்துவிட்டாயா?' என்று கேட்டுப் பழக்கினால், சில வாரங்களில் இந்தப் பதற்றம் அடங்கும். இந்தத் தாளின் வடிவத்தைக் காட்டும் மாதிரிகளை ஜி.எல். நிறுவனமே தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

5. எந்த வயதில் தொடங்குவது? பக்கத்து வீட்டுப் பிள்ளை இயர் 3-லேயே தொடங்கிவிட்டாளாம்.

வாசிப்பை எவ்வளவு சீக்கிரம் தொடங்கினாலும் நல்லது. தேர்வுத்தாளை அப்படிச் சொல்ல முடியாது. ஆங்கிலத்துக்கு இயர் 5-இன் தொடக்கம், அதாவது ஏறத்தாழ ஓராண்டு, போதுமானது என்பது என் கருத்து. ஏழு வயதில் தேர்வுத்தாளைக் கையில் கொடுத்தால், வாசிப்பது என்றாலே கேள்விக்குப் பதில் தேடுவது என்று பிள்ளை நினைத்துவிடும். அந்த வயதில் சலிப்பு ஒட்டிக்கொண்டால், பத்து வயதில் அதைக் கழற்றுவது கடினம்.

6. வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். தேர்வு முடியும்வரை ஆங்கிலத்துக்கு மாறிவிடலாமா?

தாழ்வாரத்தில் மிக அதிகமாகக் கேட்ட கேள்வி இது. மாற வேண்டாம். பள்ளியில் நாள்தோறும் ஆறு மணி நேரம் ஆங்கிலத்தில் இருக்கும் பிள்ளைக்கு, நாம் தட்டுத் தடுமாறிப் பேசும் ஆங்கிலம் புதிதாக எதையும் கொடுத்துவிடாது. மாறாக, நாம் வளமாகப் பேசக்கூடிய ஒரே மொழியை வீட்டிலிருந்து எடுத்துவிடும். காரணம் சொல்வது, குத்தலைப் புரிந்துகொள்வது, ஒருவர் சொல்லாமல் விட்டதை ஊகிப்பது ஆகியவைதான் பத்திக் கேள்விகள் சோதிக்கும் திறன்கள். பாட்டி 'பரவாயில்லை, நீ விளையாடப் போ' என்று சொல்லும்போது அவர் உண்மையில் வருத்தப்படுகிறார் என்று தெரிந்துகொள்ளும் பிள்ளை, அந்தத் திறனைத் தமிழில் பெற்று ஆங்கிலத்தில் பயன்படுத்திக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் புழங்காத ஆங்கிலச் சொற்கள் பல உண்டு. பார்லர் (வரவேற்பறை), பான்ட்ரி (உணவுப்பொருள் வைக்கும் அறை), கவர்னஸ் (வீட்டில் பாடம் சொல்லித்தரும் ஆசிரியை), மூர் (மரங்களற்ற புதர்நிலம்) போன்றவை பழைய கதைப் பத்திகளில் தாராளமாக வரும். ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைக்கும் இவை அன்றாடச் சொற்களல்ல. ஆனாலும் தாத்தா பாட்டியிடமோ தொலைக்காட்சியிலோ கேட்டிருக்க வாய்ப்பு அதிகம். இந்த இடைவெளியை வாசிப்புதான் நிரப்பும்.

7. என் ஆங்கிலமே சுமார்தான். நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, கேட்டால் போதும். பிள்ளை ஒரு விடையைச் சொன்னதும், சரியா தவறா என்று பாராமல், 'எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?' என்று தமிழிலேயே கேளுங்கள். பிள்ளை பத்தியில் விரலை வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடிந்தால் அந்த வரிக்குப் பொருள் என்ன என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால், விடை தற்செயலாகச் சரியாக இருந்தாலும், அது குருட்டு விடை.

என் மகளோடு ஓராண்டு நான் செய்தது இது ஒன்றுதான். பத்தியில் உள்ள சொற்களில் கால்வாசி எனக்குத் தெரியாது. அவள் எனக்கு விளக்க வேண்டியிருந்ததே அவளுக்குப் பயிற்சியாகிவிட்டது. நான் புரியாமல் விழித்த இடங்களில்தான், தனக்கும் சரியாகப் புரியவில்லை என்பதை அவள் கண்டுகொண்டாள்.

8. நிறையப் புத்தகம் வாசிக்கிறாள், ஆனால் காம்ப்ரிஹென்ஷனில் (பத்திக் கேள்விகளில்) மதிப்பெண் வருவதில்லையே, ஏன்?

கதை என்ன ஆகும் என்று ஓடி ஓடி வாசிப்பது ஒன்று. எழுதியவர் இந்தச் சொல்லை ஏன் போட்டார் என்று நின்று வாசிப்பது இன்னொன்று. முதலாவது நன்றாக வரும் பிள்ளைகளே இரண்டாவதில் அதிகம் சறுக்குகிறார்கள். அவர்களின் கற்பனை பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறது. ஒரு சிறு எடுத்துக்காட்டு: 'முதியவர் கடிகாரத்தைப் பார்த்தார். தன் கோப்பையை மீண்டும் நிரப்பிக்கொண்டார். எதிரில் இருந்த இரண்டாவது கோப்பையைச் சற்று நேராக நகர்த்தி வைத்தார்.' இதிலிருந்து என்ன தெரிகிறது என்பது கேள்வி. அவருக்குத் தாகம், அவர் யாரையோ எதிர்பார்க்கிறார், கடிகாரம் ஓடவில்லை, இறந்துபோன நண்பரை நினைத்து வருந்துகிறார் என்பவை நான்கு விடைகள்.

நிறைய வாசிக்கும் பிள்ளை நான்காவதைத் தொடும். அது அழகான கதை. ஆனால் பத்தியில் இறப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. கடிகாரமும் இரண்டாவது கோப்பையும் சேர்ந்து சொல்வது எதிர்பார்ப்பை மட்டுமே. தவறான விடைகள் பெரும்பாலும் மூன்று வகையில் ஆசை காட்டும்: உலக வழக்கில் உண்மையாக இருந்தும் பத்தியில் சொல்லப்படாதது, முற்பகுதி சரியாகவும் பிற்பகுதி தவறாகவும் உள்ளது, 'எப்போதும்', 'ஒருபோதும்' என்பன போன்ற சொற்களால் பத்தி சொல்வதைவிட ஒரு படி கூடுதலாகப் போவது. பிள்ளை தவறவிட்ட கேள்விகளை இந்த மூன்று வகைகளின்கீழ் குறித்துவாருங்கள். எந்தப் பொறியில் அடிக்கடி விழுகிறாள் என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. பத்திகள் சில வேளைகளில் நூறாண்டுக்கும் மேற்பட்ட கதைகளிலிருந்து எடுக்கப்படுகின்றன. ஒரு வாக்கியம் நான்கு வரி ஓடும். இக்காலத்துச் சிறுவர் நகைச்சுவைத் தொடர்களை மட்டும் வாசிக்கும் பிள்ளைக்கு அந்த நீளம் மூச்சுத் திணறலாக இருக்கும். வாரத்துக்கு இரண்டு பக்கம் பழைய கதை ஒன்றைச் சத்தமாக வாசிக்கச் செய்யுங்கள். எங்கே மூச்சுவிடுகிறாள் என்பதிலேயே வாக்கியம் புரிந்ததா என்பது உங்களுக்குக் கேட்கும்.

9. ஆயிரம் சொற்கள் கொண்ட பட்டியலை மனப்பாடம் செய்தால் சொற்களஞ்சியம் வந்துவிடாதா?

பட்டியல் பெரும்பாலும் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளைத்தான் கொடுக்கும். தேர்வு கேட்பதோ அந்த இடத்தில் அந்தச் சொல்லுக்கு உள்ள பொருளை. 'கிரேவ்' என்றால் கல்லறை என்று படித்த பிள்ளை, ஒருவரின் முகம் 'கிரேவ்' ஆக இருந்தது என்ற வரியில் திகைத்து நிற்கும்; அங்கே அதற்கு ஆழ்ந்த கவலை தோய்ந்த முகம் என்று பொருள். 'ஃபைன்' என்பது நலம், அபராதம், மெல்லியது என்று மூன்று பக்கம் திரும்பும். தமிழில் 'ஆறு' நீராகவும் எண்ணாகவும், 'சூடு ஆறும்வரை பொறு' என்னும்போது வினையாகவும் நிற்பதைக் காட்டினால், பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

வாசிக்கும்போது எதிர்ப்படும் புதுச் சொல்லை, அது வந்த வாக்கியத்தோடு ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். நாளொன்றுக்கு மூன்று சொற்கள் போதும். ஒத்த பொருளுடைய சொல் ஒன்று, எதிர்ச்சொல் ஒன்று, பிள்ளை தானே அமைத்த வாக்கியம் ஒன்று. இந்தக் குறிப்பேடு வெர்பல் ரீசனிங் (சொற்களைக் கொண்டு சிந்திக்கும் திறன்) தாளுக்கும் கைகொடுக்கும்.

10. எழுத்துக்கூட்டலில் எங்கே கவனம் செலுத்த வேண்டும்?

4-ஆம் கேள்வியில் சொன்னபடி, ஜி.எல். தாளில் பிள்ளை சொல்லை எழுதப் போவதில்லை. பிழையாக எழுதப்பட்டதைக் கண்டுபிடிக்கப் போகிறது. சரியாக எழுதத் தெரிந்த பிள்ளைகூட வேகமாக வாசிக்கும்போது பிழையைத் தாண்டிப் போய்விடும். பென்சில் முனையை ஒவ்வொரு சொல்லின் மேலும் வைத்து நகர்த்துவது உதவும். சிலர் வரியைப் பின்னாலிருந்து முன்னால் வாசிக்கிறார்கள். வாக்கியத்தின் பொருள் கண்ணை மறைக்காமலிருக்க அது நல்ல உத்தி.

அடிக்கடி வரும் சொற்கள் சில உண்டு. 'நெசசரி'யில் ஒரு 'சி', இரண்டு 'எஸ்'. சட்டைக்கு ஒரு காலர், இரண்டு ஸ்லீவ் என்று இங்குள்ள பிள்ளைகள் நினைவு வைத்துக்கொள்வார்கள். 'செபரேட்' என்பதன் நடுவில் 'ஏ'. 'ஸ்டேஷனரி' என்ற ஒரே ஒலிக்கு இரண்டு சொற்கள்: கடைசியில் 'ஈ' வந்தால் எழுதுபொருள், என்வலப்பின் 'ஈ' என்று கொள்ளலாம்; 'ஏ' வந்தால் அசையாமல் நிற்பது. 'பிராக்டிஸ்' பெயர்ச்சொல்லாக இருந்தால் 'சி', வினையாக இருந்தால் 'எஸ்'; இது குழப்பினால், ஒலியிலேயே வேறுபடும் 'அட்வைஸ்' இணையை (பெயர்ச்சொல்லில் 'சி', வினையில் 'இசட்' போல ஒலிக்கும் 'எஸ்') வைத்து நினைவுபடுத்திக்கொள்ளலாம். வீட்டுக் கணினி அமெரிக்க எழுத்துக்கூட்டலில் இருந்தால் இன்றே பிரிட்டிஷுக்கு மாற்றிவிடுங்கள். 'கலர்' என்ற சொல்லில் 'யூ' இல்லாததைத் திரையில் பார்த்துப் பழகிய கண், தேர்வில் தடுமாறும்.

11. தமிழ் பேசுவதால் இலக்கணப் பிழை வருமா?

இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளைவிட, அண்மையில் வந்தவர்களுக்குச் சில இடங்களில் வரும். தமிழில் 'ஏ', 'தி' போன்ற முன்னொட்டுச் சொற்கள் இல்லை. ஆகவே அவற்றை விட்டுவிடுவார்கள். நாம் 'இல்' என்ற ஒரே உருபால் சொல்வதை ஆங்கிலம் 'இன்', 'ஆன்', 'அட்' என்று பிரித்துச் சொல்வதாலும் குழப்பம் உண்டு. 'டிட்' வந்த பிறகும் வினையை இறந்தகாலத்திலேயே விட்டுவிடுவது இன்னொன்று.

ஆனால் நான் பார்த்தவரை, நம் பிள்ளைகளின் பிழைகளில் பெரும்பகுதி தமிழிலிருந்து வருவதில்லை; விளையாட்டுத் திடலின் ஆங்கிலத்திலிருந்து வருகிறது. 'வீ வேர்', 'ஐ வாஸ் சிட்டிங்' என்பவற்றுக்குப் பதிலாக 'வீ வாஸ்', 'ஐ வாஸ் சாட்' என்று சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் பேசுவதால் அவை பிள்ளையின் காதுக்குச் சரியாகவே ஒலிக்கின்றன. 'ஷுட் ஹாவ்' என்பது பேச்சில் தேய்ந்து 'ஷுட் ஆஃப்' என்று கேட்பதால், 'ஓ, எஃப்' என்று எழுதிவைப்பார்கள். காதுக்கு நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் விடையைத் தெரிவு செய்யக் கூடாது என்பதை இந்த மூன்று எடுத்துக்காட்டுகளைக் கொண்டே விளக்கிவிடலாம்.

12. கட்டுரை, கதை எழுதும் பகுதி வந்தால்? நான்கைந்து கதைகளை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாமா?

உங்கள் பகுதியில் எழுத்துப் பகுதி உண்டா என்பதை 3-ஆம் கேள்வியில் சொன்னபடி முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இருந்தால், மனப்பாடக் கதை பயன்படாது. தலைப்போடு ஒட்டாமல் நிற்கும் கதை, நூற்றுக்கணக்கான தாள்களைத் திருத்துபவர் கண்ணுக்குத் தனியே தெரியும். ஐந்து நிமிடம் திட்டம், மீதி நேரம் எழுத்து, கடைசி மூன்று நிமிடம் திருத்தம் என்று பழக்குங்கள்.

என் மகள் எழுதிய முதல் பத்துக் கதைகளும் அலாரம் அடித்து எழுவதில் தொடங்கின. பல் துலக்கி, சீரியல் சாப்பிட்டு, காலணி அணிந்து கதவைத் திறப்பதற்குள் ஒன்றரைப் பக்கம் முடிந்துவிடும். கதை தொடங்கும் இடத்தில் நேரம் தீர்ந்துவிடும். கடைசியில் 'கதவைத் திறந்தேன்' என்பதையே முதல் வரியாக வைக்கச் சொன்ன பிறகுதான் அவள் எழுத்து நிமிர்ந்தது. ஒரே இடம், அரை மணி நேர நிகழ்வு, இரண்டு பேர் என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் சிறு தாளில் கதை முழுமை பெறும். இன்னொன்று: பெரிய சொற்களைத் திணிக்கச் சொல்லும் பயிற்சிகளை நான் நம்புவதில்லை. பொருந்தாத இடத்தில் வந்த அரிய சொல்லைவிட, பொருந்திய இடத்தில் வந்த எளிய வினைச்சொல் மேலானது.

13. நேரம் போதவில்லை என்கிறான். கேள்வியை முதலில் வாசிப்பதா, பத்தியையா?

பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பத்தியை ஒருமுறை முழுமையாக வாசித்துவிட்டுக் கேள்விக்குப் போவதே நல்லது. கேள்வியைப் பார்த்துவிட்டுப் பத்தியில் தேடுபவர்கள், 'எங்கே', 'யார்' என்ற எளிய கேள்விகளில் நேரத்தை மிச்சப்படுத்தி, முழுப் பத்தியின் தொனியைக் கேட்கும் கேள்விகளில் இழந்துவிடுகிறார்கள். ஒரு கேள்வியில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால், ஊகித்துக் குறித்துவிட்டுக் கேள்வியின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு நகரட்டும். தவறான விடைக்கு மதிப்பெண்ணைக் கழிக்கும் வழக்கம் கிராமர் பள்ளித் தேர்வுகளில் இல்லை. எனவே எதையும் வெற்றாக விடக் கூடாது.

விடைத்தாள் தனியாக இருக்கும்போது ஒரு கேள்வியைத் தாண்டிப் போனால், அதற்குப் பின் வரும் குறிகளெல்லாம் ஒரு வரி மேலேறிவிடும் ஆபத்து உண்டு. என் மகனுக்கு ஒரு மாதிரித் தேர்வில் இது நடந்தது. பதினாறு சரியான விடைகள் தவறான கட்டங்களில் உட்கார்ந்திருந்தன. ஐந்து கேள்விக்கு ஒருமுறை எண்ணைச் சரிபார்க்கப் பழக்கினேன்.

14. டியூஷன் இல்லாமல் முடியுமா?

முடியும். என் மகள் டியூஷனுக்குப் போகவில்லை. மகன் ஓராண்டு போனான். அவன் போன இடத்தில் ஆங்கில வகுப்பு என்பது நகலெடுத்த தாள்களைக் கொடுத்து, மணியடித்ததும் விடைகளைப் படித்துக் காட்டுவதாக இருந்தது. விடை ஏன் தவறு என்று பேசப்படவே இல்லை. டியூஷனில் சேர்ப்பதாக இருந்தால், பிள்ளை தவறிய ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போய் அதை எப்படி விளக்குவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பழைய புத்தகங்களைக் கைமாற்றாக வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சி.இ.எம். என்ற அமைப்பு தன் தாள்வழித் தேர்வுகளை நிறுத்திவிட்டது. அதன் பெயர் போட்ட புத்தகங்கள் சொல் பயிற்சிக்கு உதவும். தாளின் வடிவத்துக்கு உதவா.

15. மாதிரித் தேர்வில் 75 விழுக்காடு வருகிறது, போதுமா? மகள் ஆகஸ்டில் பிறந்தவள், அது பாதகமா?

விழுக்காட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பெற்ற மதிப்பெண் அப்படியே கணக்கில் வருவதில்லை. அந்த ஆண்டு எழுதியவர்களோடு ஒப்பிட்டு, வயதையும் சேர்த்துச் சீரமைக்கப்பட்ட மதிப்பெண்ணே வரும். ஒரே மதிப்பெண்ணை எடுத்த இரு பிள்ளைகளில் இளையவருக்குச் சீரமைத்த மதிப்பெண் சற்றுக் கூடுதலாக அமையும். எனவே ஆகஸ்டில் பிறந்ததால் வரும் குறை பெருமளவு ஈடுசெய்யப்பட்டுவிடுகிறது. நீங்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

பக்கிங்ஹாம்ஷயரில் தகுதி எல்லை 121. கென்ட்டில் மொத்தத்துக்கு ஓர் எல்லையும், ஒவ்வொரு பிரிவுக்கும் தனியே ஒரு குறைந்தபட்ச எல்லையும் உண்டு. எண்கள் ஆண்டுக்காண்டு மாறலாம். அங்கே கணக்கில் உச்சத்தைத் தொட்ட பிள்ளைகூட ஆங்கிலத்தில் எல்லைக்குக் கீழே போனால், தேர்வில் நேரடியாகத் தேறியதாகாது. கணக்கை வைத்து ஆங்கிலத்தை ஈடுகட்டிவிடலாம் என்று நம்மவர்கள் போடும் கணக்கு உடைவது இந்த இடத்தில்தான்.

16. தகுதி மதிப்பெண் வந்துவிட்டால் இடம் உறுதிதானே?

உறுதியில்லை. சில பள்ளிகள் தகுதி பெற்றவர்களுள் அருகில் வசிப்பவர்களுக்கு முதலிடம் தருகின்றன. சில மதிப்பெண் வரிசைப்படி மேலிருந்து எடுக்கின்றன. சில இரண்டையும் கலக்கின்றன. முதல் வகைப் பள்ளிக்கு மதிப்பெண் எல்லையைத் தாண்டினாலே போதும், ஆனால் வீடு பள்ளிக்கு அருகில் இருக்க வேண்டும். இரண்டாம் வகைக்குத் தாண்டுவது மட்டும் போதாது. 2-ஆம் கேள்வியில் சொன்ன அக்டோபர் படிவத்தை நிரப்புவதற்கு முன், ஒவ்வொரு பள்ளியும் எந்த வகை என்று பார்த்துவிடுங்கள். கிராமர் அல்லாத ஒரு பள்ளியையாவது அதில் கட்டாயம் எழுதுங்கள்.

17. நாங்கள் இந்த ஆண்டுதான் வந்தோம், மகன் இயர் 5. ஆங்கிலம் இன்னும் பிடிபடவில்லை. எழுத வைக்கலாமா?

எழுதுவதால் நட்டமில்லை, ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு எழுத வையுங்கள். கூடுதல் நேரம் என்பது உடல்நிலை அல்லது கற்றல் குறைபாடு காரணமாகச் சான்றோடு முன்கூட்டியே கேட்பவர்களுக்கான ஏற்பாடு. தாய்மொழி வேறு என்பதை அதற்குக் காரணமாகக் கொள்ள வேண்டாம். மீதமுள்ள மாதங்களில் எல்லாவற்றையும் தொடாமல், சத்தமாக வாசிப்பதையும் 7-ஆம் கேள்வியில் சொன்ன 'எந்த வரி' பழக்கத்தையும் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 11-ஆம் கேள்வியில் சொன்ன முன்னொட்டுச் சொற்களும் உருபுகளும் அந்த வாசிப்பிலேயே மெல்ல மெல்லக் காதில் ஏறும்.

இது ஒன்றே வாசல் அல்ல. சில பகுதிகளில் 12, 13 வயதில் தாமதமாகச் சேர்வதற்கான தேர்வுகள் உண்டு. ஜி.சி.எஸ்.இ. (16 வயதில் எழுதும் பொதுத் தேர்வு) முடிவுகளைக் கொண்டு சிக்ஸ்த் ஃபார்மில் (பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில்) புதிய மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் கிராமர் பள்ளிகளும் பல. என் மகன் இப்போது அதைத்தான் நோக்கியிருக்கிறான்.

18. ஆங்கிலத்தில் மட்டும் இரண்டு மதிப்பெண் குறைந்துவிட்டது. மேல்முறையீடு செய்யலாமா?

செய்யலாம். மார்ச்சில் இடம் மறுக்கப்பட்டதும் அந்தப் பள்ளிக்கு எதிராகச் சுயேச்சையான குழுவிடம் முறையிடும் உரிமை எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. மறுப்புக் கடிதம் வந்ததிலிருந்து குறைந்தது 20 பள்ளி நாட்கள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. பிள்ளை கெட்டிக்காரன், அன்று காய்ச்சல் என்று வாயால் சொல்வது குழுவிடம் எடுபடாது. இயர் 5, இயர் 6 பள்ளி அறிக்கைகள், வகுப்பாசிரியரின் கடிதம், பிள்ளையின் ஆங்கிலக் குறிப்பேடு, காய்ச்சலுக்கு மருத்துவரின் சான்று ஆகியவையே பேசும்.

ஆகவே, இயர் 5-இல் எழுதிய குறிப்பேடுகளைக் கோடை விடுமுறையில் வீட்டைச் சுத்தம் செய்யும்போது எறிந்துவிடாதீர்கள். நான் எறிந்துவிட்டேன், மகனுக்காக முறையிடப் போனபோது, அவன் எழுத்து என்று காட்டுவதற்கு என் கையில் இருந்தவை இரண்டு பிறந்தநாள் வாழ்த்து அட்டைகள் மட்டுமே.